கதவில் எழுதிய எடை

மலாக்காவில் ஓடும் ஒவ்வொரு சரக்கு வேனின் கதவிலும் இரண்டு எண்கள் வெள்ளைச் சாயத்தில் எழுதப்பட்டிருக்கும். மேலே இருப்பது வெறும் வண்டியின் எடை. கீழே இருப்பது வண்டியும் ஓட்டுநரும் சரக்குமாகச் சேர்ந்து அது சாலையில் கொண்டிருக்கக்கூடிய உச்ச எடை. எங்கள் பக்கத்து ஆட்கள் இந்த இரண்டாவது எண்ணை மலாய்ச் சொல்லால் 'பேராட்' என்பார்கள். அதை முடிவு செய்யும் உரிமை வண்டிக்காரருக்கு இல்லை. அச்சு எவ்வளவு தாங்கும், பிரேக் எவ்வளவு தூரத்தில் நிறுத்தும், டயர் எவ்வளவு பொறுக்கும் என்று வண்டியைச் செய்தவர்கள் கணக்கிட்டுச் சொல்வார்கள். சட்டம் அதைப் பதிவு செய்துகொள்ளும். சாலையில் எதிரே வருகிற முன்பின் தெரியாத மனிதர்களுக்கு வண்டிக்காரர் கொடுத்திருக்கும் வாக்கு அது என்றுதான் நான் புரிந்துகொண்டிருந்தேன். அந்த வாக்கை எங்கள் மனிதர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்பதைத் தொண்ணூறுகளின் நடுவில் வீட்டு வாசலிலேயே பார்த்தேன். இன்றும் ஒரு சரக்கு வேனின் கதவருகே நிற்க நேர்ந்தால் என் கண் முதலில் போவது அந்த எண்ணுக்குத்தான்.

அந்த வேன் என் அக்காள் கணவருடையது. பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு நிரந்தர வேலைக்குக் காத்திருந்த நாட்களில், டுரியான் துங்காலில் இருந்த அக்காள் வீட்டில் தங்கி, இடைநிலைப் பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியையாக அறிவியல் கற்பித்து வந்தேன். அத்தான் தோட்டத்து லோரியில் கிளீனராகத் தொடங்கியவர். ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு வீடுகள் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பத்து பெரண்டாம் பக்கம் திரும்பிய இடமெல்லாம் புதுத் தாமான் குடியிருப்புகள். புது வீட்டுக்குக் குடிபோகிற எவரும் சிமெண்டுத் தரையோடு நிறைவடையவில்லை. எல்லாருக்கும் டைல்ஸ் வேண்டியிருந்தது. கடையிலிருந்து வீட்டுக்கு டைல்ஸ் ஏற்றிச் செல்வதில் ஒரு பிழைப்பு இருக்கிறது என்பதை அத்தான் மற்றவர்களுக்கு முன்னால் கண்டுகொண்டார். அந்தக் கூர்மையையும் அவருடைய உழைப்பையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நீல நிறத்தில் ஒரு பழைய வேனை வாங்கி, ரெம்பியா போகும் சாலையில் இருந்த ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார். பிழை அங்கேதான் தொடங்கியது.

டைல்ஸ் ஏமாற்றும் சரக்கு. பஞ்சு மூட்டை வண்டியை நிறைத்த பிறகுதான் கனக்கத் தொடங்கும். டைல்ஸோ முழங்கால் உயரத்துக்கு அடுக்கும் முன்பே எல்லையைத் தாண்டிவிடும். அப்போதும் எட்டிப் பார்க்கிறவர் கண்ணுக்கு வண்டி பாதி காலியாகவே தெரியும். அந்தக் காலி இடம் அத்தானை உறுத்தியது. எனவே பட்டறைக்காரர் தரையில் கனத்த இரும்புத் தகடு அடித்தார். இரு பக்கமும் இரும்புச் சட்டங்கள் பொருத்தினார். பின்சக்கரங்களுக்கு மேல் கூடுதலாகப் பட்டை ஸ்பிரிங்குகள் சேர்த்தார். வேலை முடிந்த அன்று நானும் உடன் போயிருந்தேன். பட்டறைக்காரர் வேனின் பின்பக்கத்தைக் கையால் தட்டி, "இனி யானைய ஏத்தினாலும் குனியாது," என்றார்.

குனியாது என்பதுதான் அங்கே விற்கப்பட்ட பொருள். பாரம் மிகுந்தால் வண்டியின் பின்பக்கம் தாழும். சாலையில் நிற்கும் அதிகாரி அதைப் பார்த்துத்தான் கை காட்டி நிறுத்துவார். ஸ்பிரிங் சேர்த்தால் பின்பக்கம் தாழாது. பிரேக்கும் டயரும் அச்சும் பழையவையாகவே இருக்கும். நிமிர்ந்து நிற்கிற தோற்றம் மட்டும் புதிதாகக் கிடைக்கும். இதையெல்லாம் அங்கேயே கேட்டேன். எல்லாரும் செய்கிற வேலைதான் என்று பட்டறைக்காரர் சொன்னார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

பிறகு எட்டு வந்தது. வேனின் கதவில் இருந்த பேராட் இரண்டாயிரத்து அறுநூறு கிலோ. இரண்டும் ஆறும் எட்டு. முதல் மாதமே ஒரு நடை பிசகி, இறக்கும்போது சரக்கு உடைந்து, கடைக்காரரோடு வாக்குவாதம் வந்ததும் அக்காளின் கண் அந்த எட்டின் மேல் விழுந்தது. மலாக்கா பட்டணத்தில் ஒரு கடையின் மாடியில் எண்கணித ஜோதிடம் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அக்காளின் பிடிவாதத்தால் மூவருமாகப் போனோம். அவர் வண்டியின் பதிவு எண்ணைக் கேட்டார், அத்தானின் பிறந்த தேதியைக் கேட்டார், கடைசியில் கதவில் இருந்ததைக் கேட்டார். கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"எட்டு சனியோடது லா. பிளேட்டு நம்பர மாத்த முடியாது, சரி. கதவுல இருக்குறத மாத்தலாமே. ஆறு வரணும். சுக்கிரன். மூவாயிரத்து முந்நூறுன்னு எழுதுங்க."

மூவாயிரத்து முந்நூறு. எழுநூறு கிலோவைச் சுக்கிர பகவான் ஒரு சொல்லில் அருளிவிட்டார். நான் பேசாமல் இருந்திருக்கலாம், முடியவில்லை.

"ரெண்டாயிரத்து நானூறும் ஆறுதானே ஐயா?"

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தொழில் ஏறணுமாம்மா, எறங்கணுமா?"

அத்தான் சிரித்துவிட்டார். "டீச்சர் வண்டிக்கே மார்க்க கொறைக்குது," என்றார். அக்காளும் சிரித்தாள். படி இறங்கும்போது நானும் சற்றுச் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஒரு வண்டி எவ்வளவு கனமாக ஓடலாம் என்பதைக் கிரகத்திடம் கேட்டு வருவது அதுவரை எனக்கு வேடிக்கையாகவே இருந்தது.

வேடிக்கை பட்டறையில் தீர்ந்தது. சாயம் அடிக்கும் ஆள் பழைய எண்ணின் மேல் நீலம் பூசிக் காயவிட்டு, எண் வெட்டிய அச்சுப் படம் எடுக்கச் சுவர்ப் பக்கம் போனார். எங்கோ மருத்துவமனையிலிருந்து வந்த பழைய எக்ஸ்ரே படங்களில் எண்களை வெட்டி எடுத்து, அந்த ஓட்டைகளின் வழியே வெள்ளை அடிப்பது அவர் வழக்கம். சுவரில் ஆணிகளில் அந்தப் படங்கள் வரிசையாகத் தொங்கின. யாருடைய விலா எலும்புகளோ, யாருடைய விரல்களோ வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தன. அவற்றின் நடுவே எண்கள். ஒவ்வோர் ஆணியிலும் இரண்டு படங்கள் இருப்பதைக் கவனித்து, ஏன் என்று கேட்டேன். ஒன்று சோதனைக்கு, ஒன்று ரோட்டுக்கு என்று அவர் இயல்பாகச் சொன்னார். வாகனச் சோதனைக்குப் போகும் முன் வேன்கள் அந்தப் பட்டறைக்கு வரும். தகட்டையும் சட்டங்களையும் கூடுதல் ஸ்பிரிங்கையும் கழற்றி வைத்துவிட்டு, பதிவில் உள்ள எண்ணைக் கதவில் அடிப்பார்கள். வண்டி சோதனையில் தேறித் திரும்பியதும் எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, சொந்த எண்ணை அடிப்பார்கள். அதற்கு அங்கே 'குளிக்க வைக்கிறது' என்று பெயர். அத்தானுக்கும் ஓர் ஆணி ஒதுக்கப்பட்டது.

வேலை பெருகியதும் அத்தான் காரில் அலைந்து ஆர்டர் பிடிக்கத் தொடங்கினார். வேனுக்கு ஓர் ஓட்டுநர் வந்தார். எங்கள் பழைய தோட்டத்தில் அடுத்த லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், வளர்ந்தவர்; நான் அண்ணன் என்று அழைத்து வளர்ந்தவர். கிறிஸ்தவர்; தோட்டத்து வழக்கில் 'வேதக்காரர்'. தேர்வுகளில் பலமுறை தோற்று, கடைசியில் சரக்கு வாகன உரிமம் பெற்றவர். அவர் மனைவி பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். அந்த உரிமம் அவருக்கு எல்லாமுமாக இருந்தது. அது பறிபோனால் அவர் திரும்பிப் போவதற்குத் தோட்டம்கூட இல்லை. பாதி மரங்களை அதற்குள் வெட்டியாகிவிட்டது. அதிக பாரத்தோடு வண்டி பிடிபட்டால் அபராதச் சீட்டில் ஓட்டுநர் பெயரும் ஏறும். விபத்து நேர்ந்தால் முதலில் அவரைத்தான் விசாரிப்பார்கள். இதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

ஒரு மாலை வேனை வாசலில் நிறுத்திவிட்டுத் தயங்கி நின்றார். "தங்கச்சி, பிரேக்க அழுத்தினா வண்டி யோசிக்குது. யோசிச்சிட்டுத்தான் நிக்குது," என்றார். அத்தானிடம் சொல்லச் சொன்னேன். தான் சொன்னால் சோம்பேறி என்று நினைப்பார், படித்த பிள்ளை சொன்னால் எடுபடும் என்றார்.

எடுபடவில்லை. அன்றைய சாப்பாட்டு வேளையில் நான் விளக்கினேன். கதவில் உள்ள எண் சரக்கின் எடை மட்டுமன்று. வண்டியும் அதில் அடக்கம். வண்டியில் சேர்த்த ஒவ்வோர் இரும்பும் சரக்கின் பங்கைத் தின்றுவிடுகிறது. பலப்படுத்தியதாக நினைத்த நாளிலேயே ஏற்றக்கூடிய அளவு குறைந்துபோயிற்று. மாற்றம் செய்தால் அனுமதி கேட்க வேண்டும், மறுபடி எடை போட வேண்டும், தேவைக்கு இந்த வேன் போதாது என்றால் சிறு லோரிதான் வாங்க வேண்டும். அத்தான் பொறுமையாகக் கேட்டார். பிறகு, ரோட்டில் போய் நின்று பார்க்கச் சொன்னார். எல்லா வேனும் அப்படித்தான் ஓடுகிறது, நான் மட்டும் குறைத்து ஏற்றினால் டைல்ஸ் கடை முதலாளி தௌக்கே அடுத்த வண்டியைக் கூப்பிடுவான் என்றார். அதில் உண்மை இருந்தது. ஒருவர் மட்டும் ஒழுங்காக நடந்தால் அவர் வீட்டு அடுப்புத்தான் முதலில் அணையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உண்மையை அவர் சொன்ன விதத்தில் ஒரு நிம்மதி இருந்தது. எல்லாரும் சேர்ந்து அழுக்கானால் அழுக்கே இல்லை என்கிற நிம்மதி.

அடுத்த சில மாதங்களில் தோட்டத்துக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். மண்டபத் தரைக்கு டைல்ஸ் தருவதாகப் பத்து பெரண்டாம் டைல்ஸ் கடைத் தௌக்கே ஒப்புக்கொண்டார். கடையில் மிஞ்சிக் கிடந்ததை எடுத்துப் போகலாம் என்றார். ஏற்றிச் செல்வது தன் உபயம் என்று அத்தான் அறிவித்தார். பள்ளி விடுமுறையாதலால் நானும் கோயில் நிர்வாகத் தலைவரும் அத்தானோடு அவருடைய காரில் கடைக்குப் போனோம். வேனோடு ஓட்டுநர் வந்திருந்தார்.

வழக்கமான அளவுக்கு அடுக்கியதும் ஓட்டுநர் பின்கதவைச் சாத்தப் போனார். மீதியையும் ஏற்றச் சொன்னார் கோயில் தலைவர். இரண்டு நடையாக எடுக்கலாமே என்று நான் சொன்னேன். மாலைக்குள் கொத்தனார் தரையைத் தொடங்க வேண்டும், நல்ல நேரம் குறித்தாயிற்று என்றார்கள். இடம் இருந்ததால் சிமெண்டு மூட்டைகளையும் உள்ளே தள்ளினார்கள். ஓட்டுநர் அத்தானைப் பார்த்தார்.

"அண்ணே, இது ரொம்ப அதிகம்ணே. பாதி வைச்சிட்டுப் போவோம்."

அத்தான் பதில் சொல்வதற்குள் கோயில் தலைவர் குறுக்கிட்டார். அவர் குரலில் பகையே இல்லை. தோளைத் தட்டிக் கொடுக்கும் சிரிப்புதான் இருந்தது. "தம்பி வேதக்காரருல்ல. நம்ம சாமிக்குன்னா தம்பிக்குக் கொஞ்சம் பாரமாத்தான் இருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஓட்டுநரும் சிரிக்க முயன்றார். அந்த ஒரு வாக்கியத்தோடு அவருக்கு வாய் அடைபட்டுவிட்டது. வேறெந்தச் சரக்காக இருந்திருந்தாலும் அவர் மறுத்திருக்க முடியும். கோயில் சரக்கை மறுத்தால் அது எடையைப் பற்றிய மறுப்பாக இனி யார் காதிலும் விழாது. ஒரே தண்ணீர்க் குழாயில் பிடித்து, வேலைக்கு ஒரே காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து, ஒருவர் வீட்டுச் சாவில் ஒருவர் நின்று வளர்ந்த மனிதர்களிடையே அவர் சாமியை மறுத்தவர் ஆகிவிடுவார். நான் இந்துதானே, நான் சொல்கிறேன், இது அதிகம் என்று உரக்கச் சொன்னேன். சாமி காரியத்தில் அபசகுனமாகப் பேசக்கூடாது என்று தலைவர் என்னைக் கண்டித்தார். அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை. யாரோ சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். ஓட்டுநர் வண்டியில் ஏறி, சட்டைக்குள் கழுத்தில் கிடந்த சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டு, எலுமிச்சம்பழங்களின் மேல் மெதுவாக ஏற்றி நசுக்கிப் புறப்பட்டார்.

நாங்கள் காரில் பின்தொடர்ந்தோம். என் கண் வேனின் பின்பக்கத்தை விட்டு அகலவில்லை. அது நிமிர்ந்தே சென்றது. சுமை ஏற்றாத வண்டி போல அழகாகச் சென்றது. டுரியான் துங்காலைக் கடந்ததும் செம்பனைகளுக்கு நடுவே ஓர் ஏற்றம் வரும். ஏறி இறங்கினால் அடிவாரத்தில் சிறு பாலம், அதையடுத்து வளைவு. இறக்கத்தின் பாதியில் வேனின் பிரேக் விளக்குகள் எரிந்தன, எரிந்தபடியே இருந்தன. வேகம் குறையவில்லை. பாலத்துக்குச் சற்று முன்னால் பின்டயர் வெடித்தது. வேன் ஒரு பக்கமாக வாலை வீசி, பாலத்தின் கட்டையில் முன்பக்கத்தை மோதி, வடிகாலின் விளிம்பில் சாய்ந்து நின்றது. ஸ்பிரிங்குகள் முறியவில்லை. பட்டறைக்காரர் சொன்ன சொல் பொய்க்கவில்லை. அந்த நிலையிலும் வண்டி குனியவில்லை.

எதிரே வண்டி எதுவும் வரவில்லை என்பது யாருடைய திறமையாலும் நேர்ந்ததன்று. அத்தான்தான் முதலில் ஓடினார். அதைச் சொல்லியாக வேண்டும். நொறுங்கிய முன்பக்கத்தில் ஓட்டுநரின் முழங்கால் சிக்கியிருந்தது. பக்கத்துக் கம்பத்து வீடுகளிலிருந்து ஓடிவந்த மலாய்க்காரர்கள் கம்பியால் நெம்பி அவரை வெளியே எடுத்தார்கள். அவர் கத்தவில்லை. முகம் சாம்பலாகியிருந்தது. என்னைக் கண்டதும் வண்டி யார்மீதாவது ஏறிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். கோயில் தலைவர் அவரைக் காரின் பின்னிருக்கையில் கிடத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். போலீசுக்குத் தொலைபேச வேண்டும் என்று அத்தான் வழியில் வந்த மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். உடைந்த டைல்ஸ் துண்டுகளைக் கம்பத்து மனிதர்கள் காலால் ஒதுக்கிக்கொண்டிருக்க, நான் ஒரு செம்பனை மட்டையைச் சாலையில் போட்டு, வரும் வண்டிகளை விலகிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தான் திரும்பி வந்தபோது பட்டறையின் சாயம் அடிக்கும் ஆளும் உடன் வந்தார். கையில் இரண்டு டின்னும், சுருட்டிய ஓர் எக்ஸ்ரே படமும் இருந்தன.

முதலில் எனக்கு விளங்கவில்லை. அவர் மூவாயிரத்து முந்நூறின் மேல் நீலத்தைப் பூசினார். அது காயக் காத்திருக்கவில்லை. படத்தை விரித்துக் கதவில் பொருத்தினார். யாருடைய மார்பெலும்புகளோ ஒரு கணம் வெயிலில் தெரிந்தன. நடுவே இரண்டு, ஆறு, சுழி, சுழி. அந்தக் கதவின் உட்புறத்தில் ஓட்டுநரின் ரத்தம் வழிந்திருந்தது. வெளிப்புறத்தில் அவர்கள் எடையைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அப்போது விளங்கியது. மூவாயிரத்து முந்நூறு கதவில் இருந்தால் பொய் எழுதியவர் முதலாளி. இரண்டாயிரத்து அறுநூறு இருந்தால், எழுதி வைத்ததை மீறி ஏற்றியவர் ஓட்டுநர்.

அத்தானிடம் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"அவருக்கு ஃபைன் வந்தா நான் கட்டிடுவேன்மா. லைசென்ஸ் போனா கொஞ்ச நாள்ல திரும்ப எடுத்துக்கலாம். எனக்கு பெர்மிட் போச்சுன்னா ஒங்கக்காவுக்கு சோறு போச்சு."

இந்த ஏற்பாட்டை அவர் நியாயம் என்றே நம்பினார். அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு மனிதனின் காலை உடைத்தாயிற்று, இனி அவன் உரிமத்தையும் இரவல் வாங்கிக்கொள்ளலாம், பிறகு திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவருடைய மனம் கணக்குப் போட்டு முடித்திருந்தது. சாலையோரம் போய்க் காறித் துப்பினேன். ஆனாலும் யோசித்தேன். அக்காளை நினைத்தேன். அவள் சோறு போட்ட வீட்டில்தான் நான் இருந்தேன். பெர்மிட் போனால் அந்த வீடு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மறுபக்கம், உரிமம் போனால் அந்த முழங்காலோடு ஓட்டுநர் எங்கே போவார் என்பதும் தெரியும். இரண்டு வீடுகளும் ஒரே தராசில் இருந்தன. ஆனால் தராசை அழுத்திக்கொண்டிருந்த விரல் ஒரு வீட்டுக்காரருடையதாக இருந்தது.

போலீஸ் அதிகாரி வந்தார். நடுத்தர வயது மலாய்க்காரர். வண்டியைச் சுற்றி வந்தார். டைல்ஸைப் பார்த்தார், சிமெண்டைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். கதவருகே வந்து எண்ணைக் குறித்துக்கொண்டார். அத்தான் வருத்தம் தோய்ந்த குரலில், மலாயில் விளக்கத் தொடங்கினார். அளவுக்கு மேல் ஏற்றாதே என்று இந்த ஆளிடம் எத்தனையோ முறை சொன்னேன், இதோ கதவிலேயே எழுதியிருக்கிறது, கேட்கவில்லை என்றார்.

நான் கதவருகே போனேன். துப்பட்டாவின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரே இழுப்பாகத் துடைத்தேன். வெள்ளையும் நீலமும் குழம்பிக் கூழாகி வழிந்தன. அடியில், எப்போதோ காய்ந்து இறுகிய வெள்ளையில், மூன்றும் மூன்றும் தெரிந்தன.

அதிகாரி சாயத்தை விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு அத்தானிடம், இதில் எந்த எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். சாயம் அடிக்கும் ஆள் தன் டின்களை எடுத்துக்கொண்டு செம்பனைகளுக்குள் நடந்துவிட்டிருந்தார். கடையில் ஓட்டுநர் மறுத்ததையும், பிறகு நடந்ததையும் நான் வாக்குமூலமாகக் கொடுத்தேன்.

அக்காள் என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னாள். "வெளியாளுக்காக வீட்டாள காட்டிக் குடுத்துட்டியே டி." ஒரே தோட்டத்தில் வளர்ந்த மனிதன் ஒரே நாளில் வெளியாள் ஆகியிருந்தான். நான் ரெம்பியாவில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். அத்தானின் பெர்மிட் நிறுத்தி வைக்கப்பட்டது. பட்டறையின் சுவர் சில வாரங்கள் வெறுமையாக இருந்ததாகக் கேள்விப்பட்டேன். கும்பாபிஷேகம் குறித்த நாளில் நடந்தது. உடைந்த டைல்ஸைக் கால் கழுவும் இடத்தில் பதித்தார்கள். விபத்துக்குக் காரணம் எலுமிச்சம்பழம் அழுகியிருந்தது என்று சிலர் சொன்னார்கள். எண்கணிதப் பெரியவரோ, ஆறு சரியான எண்தான், ஓட்டுநரின் பிறந்த தேதிதான் அதற்கு ஒத்துவரவில்லை என்றாராம். அத்தனை வாய்களில் ஒன்றுகூட எடை என்ற சொல்லைச் சொல்லவில்லை.

ஓட்டுநருக்குச் சிறு அபராதத்தோடு உரிமம் மிஞ்சியது. மருத்துவமனையில் பார்க்கப் போனபோது அவர் மனைவி எனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார். ஓட்டுநர் காலில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நன்றி சொன்னார். பிறகு போர்வையைக் கட்டின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்.

"லைசென்ஸ் இருக்கு தங்கச்சி. நம்மாளுங்க யாரு இனி எனக்கு வண்டி குடுப்பாங்க?"

அவர் சொன்னதுபோலவே, யாரும் கொடுக்கவில்லை. முதலாளியை மாட்டிவிட்ட ஓட்டுநர் என்று பெயர் வைத்தார்கள். அவர் வாயே திறக்கவில்லை என்பது யாருக்கும் பொருட்டாக இல்லை. கடைசியில் அவர் மனைவி வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே ஒரு வேனுக்கு ஆள் கேட்டார்கள். கால் சற்று இழுக்கும்; ஆனால் கிளட்ச்சை அழுத்த முடியும். சேர்ந்த முதல் நாள் கதவைப் படித்துவிட்டு, குனிந்து அடியில் ஸ்பிரிங்கையும் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன் என்று பின்னொரு நாள் சொன்னார். அதைச் சொல்லும்போது சிரித்தார். நானும் சிரித்தேன்.

அத்தான் அந்த நீல வேனை விற்றுவிட்டார். பெர்மிட் திரும்பக் கிடைத்ததும் அவரும் அக்காளும் சிறு லோரி ஒன்று எடுத்து மீண்டுவிட்டார்கள். அந்த லோரியின் கதவை நான் பார்த்ததில்லை.

நீல வேனைப் பார்த்தேன். அடுத்த ஆண்டு ரெம்பியா பாசார் சந்தையில், தர்பூசணிகளை அடுக்கிக்கொண்டு நின்றது. முன்பக்கம் தட்டி நிமிர்த்தப்பட்டிருந்தது. பின்பக்கம் கொஞ்சமும் தாழாமல் நிமிர்ந்திருந்தது. கதவில் புது எண்: நாலாயிரத்து இருநூறு. கூட்டிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் மனம் தானாகக் கூட்டிவிட்டது: ஆறு. யாரும் கவனிக்காதபோது அருகில் போய் விரலால் தேய்த்துப் பார்த்தேன். சாயம் நன்றாகக் காய்ந்திருந்தது.